போர்வைக்குள் ஒரு மாப்பிள்ளை

ரயிலில் படுத்துக்கொண்டு போவதென்பது பெரிய மனிதர்களுக்கு உரிய காரியம். என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கி, பக்கத்தில் இருப்பவரின் தோளில் தலையைச் சாய்த்து, அவரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டும். இந்த ஒழுங்கை நான் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் மீறினேன். அதற்குக் கிடைத்த தண்டனையை என் பிள்ளைகள் இன்றைக்கும் எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

எழுதுவதென்றால் எனக்குப் பயம். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வாயால் சொல்லலாமென்றால் அது அதைவிடக் கஷ்டம். அவ்வளவு கூச்சம். கொழும்புக் கொட்டாஞ்சேனையில் என் அம்மானுடைய சுருட்டுக்கடையில்தான் நான் வேலை செய்தேன். "தம்பி, நல்ல காரமான சுருட்டு இருக்கோ?" என்று யாராவது கேட்டால், நான் "இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் பக்கத்துக் கடையில் வாங்கிப் பற்றவைத்துவிடுவார். (அம்மான் என்னை முன்பக்கத்திலிருந்து எடுத்து, பின்னால் சுருட்டுச் சுற்றும் அறையில் போட்டதற்கு இதுதான் காரணம். என் கெட்டித்தனத்துக்காக என்று ஊரில் சொல்லி வைத்திருந்தார்.)

இப்படிப்பட்ட எனக்கும் ஒரு கலியாணம் பேசிவந்தது.

பெண் வடக்கே எங்கள் ஊர்ப்பிள்ளை. தகப்பன் இல்லை. கொழும்பிலேயே வெள்ளவத்தையில் தாய்மாமன் வீட்டில் இருந்தாள். மாமன் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். நடுவகிடு எடுத்த தலை, மடிப்புக் குலையாத கோட்டு, எதையும் இரண்டு தரம் சரிபார்க்கும் குணம். எங்கள் பக்கத்தில் அவரைக் கிளாக்கர் மாமா என்றே சொல்வோம். பெண்ணின் பெயர் பரமேஸ்வரி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்று கேட்டதும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று வகுப்பு வித்தியாசம்! என்னைப் பார்த்துவிட்டு, இவனோ மாப்பிள்ளை என்று சிரித்தால் என்ன செய்வது?

நான் அவளைப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் பெரியவர்கள் பார்ப்பார்கள், எங்களுக்குப் படம் வரும். எனக்கும் வந்தது. கிளாக்கர் மாமா கதிரையில் இருக்கிறார். மாமி பக்கத்தில். மடியில் சின்ன மகள். இவர்கள் எல்லோருடைய முகமும், மாமாவின் கோட்டுப் பொத்தான் வரைக்கும், கண்ணாடி மாதிரித் தெரிகிறது. பின்னால் நிற்கும் பரமேஸ்வரியின் முகம் மட்டும் புகை மாதிரிக் கலங்கிக் கிடந்தது. படம் பிடிக்கும் நேரத்தில் தலையை ஆட்டிவிட்டாளாம்.

அந்தப் புகையை நான் எத்தனை இரவு பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பேன், தூரப் பிடித்துப் பார்ப்பேன். ஒரு நாள் மூக்கு மாதிரி ஒன்று தெரிந்தது. அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். (மறுநாள் பார்த்தால் அது சுருட்டுக் கறை.)

வைகாசியில் நாள் வைத்தார்கள். கலியாணம் வெள்ளவத்தையில். முதலில் பொன்னுருக்கல் கொட்டாஞ்சேனையில் அம்மான் வீட்டில் நடந்தது. தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்துப் பத்தர் உருக்க வேண்டும், பெண் பக்கத்தார் வந்து பார்க்க வேண்டும். பெண் வரமாட்டாள். பொன் உருகியதிலிருந்து தாலி ஏறும் வரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கக் கூடாது. முழித்தால் ஆகாது. எங்கள் ஆட்கள் வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அன்றைக்குக் கிளாக்கர் மாமா என் விரலில் ஒரு மோதிரம் போட்டார். பச்சைக்கல் மோதிரம். "செட்டியார் தெருவிலை பிள்ளைதான் தெரிஞ்செடுத்தவள்" என்றார். மோதிரம் பெரிதாக இருந்தது. கழன்று விழாமல் இருக்க அடியில் சிவப்பு நூல் சுற்றிக் கொண்டேன். அதைப் போட்ட கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அதற்கு முந்திய மாதம்தான் கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்டிருந்தான். சனம் கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு ஓடத் தொடங்கியிருந்தது. இன்னொரு தரம் வருவான் என்ற கதை, பொன்னுருக்கலுக்குப் பிறகு வெள்ளவத்தைக்கும் போய்ச் சேர்ந்தது. கிளாக்கர் மாமா இரண்டு தரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "முகூர்த்தத்தை மாத்த வேண்டாம். இடத்தை மாத்துவம். ஊரிலை வைப்பம்."

பெண் வீட்டார் வெள்ளிக்கிழமை வண்டியில் போவதாகவும், நான் சனிக்கிழமை வண்டியில் போவதாகவும் ஏற்பாடு. திங்கட்கிழமை காலையில் முகூர்த்தம். அம்மானும் மாமியும் முன்னமே போய்விட்டார்கள். என்னோடு இரண்டு சிநேகிதர்கள் வந்தார்கள். ஒருவன் செல்லத்துரை. எங்கள் கடையின் முன்பக்கத்தில் நிற்பவன், வாய் மூடாதவன், மாப்பிள்ளைத் தோழன். மற்றவன் ஹனிபா. எங்கள் கடைக்கு எதிரில் தையல்கடை வைத்திருந்தவன். என் கலியாணச் சட்டையைத் தைத்தவன் என்ற உரிமையில் வந்தான்.

"மாப்பிள்ளை உட்கார்ந்துகொண்டு போனா சட்டை கசங்கும் மச்சான்" என்று ஹனிபாதான் படுக்கை வண்டியில் இடம் பிடித்தான். இரண்டாம் வகுப்பு. நாலு படுக்கை உள்ள அறை. நாங்கள் மூவர், நாலாவதாகக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர்.

படுக்கையைக் கண்டதும் எனக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. மேல் படுக்கையில் ஏற எனக்கு அரை மணி நேரம் எடுத்தது. (ஏணி இருந்ததைக் காலையில்தான் கண்டேன்.) கால் எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம் என்று அந்தப் பெரியவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, பாதி இரவு குறுக்காகக் கிடந்தேன். பிறகு படத்தை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டேன். இன்னும் ஒரே ஒரு நாள், இந்தப் புகை விலகிவிடும் என்று நினைத்தபடி கண்ணை மூடினேன். சக்கரம் தண்டவாளத்தில் அடிக்கும் சத்தம் என் நெஞ்சு அடிக்கிற மாதிரியே இருந்தது.

விழித்தபோது சத்தமில்லை. வண்டி நின்றிருந்தது.

விடிந்துவிட்டது. வெளியே மாகோ சந்திக்கும் அப்பால் எங்கேயோ ஒரு சின்ன ஸ்டேசன். ஒரு மேடை, ஓட்டுக் கூரை போட்ட ஒரு அறை, ஒரு கிணறு, ஒரு பெரிய வேப்பமரம். மற்றப் பக்கமெல்லாம் காடு. ஹனிபா இறங்கி விசாரித்துக்கொண்டு வந்தான்.

"பட்டாளத்து வண்டி ரெண்டு வர ஈக்காம். அது போனாத்தான் எங்கட வண்டிக்கு வழி. எப்ப வருமெண்டு ஸ்டேசன் மாஸ்டருக்கும் தெரியாதாம், ஆண்டவனுக்குத்தான் தெரியுமாம்."

செல்லத்துரை யன்னலால் தலையை நீட்டியவன், சுட்ட மாதிரி உள்ளே இழுத்தான்.

"டேய் கணவதி! கிளாக்கர் மாமா!"

"எங்கை?" என்றேன்.

"கிணத்தடியிலை. பல்லு விளக்கிறார்."

நான் மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன். கோட்டோடு பல் விளக்கும் மனிதர் இலங்கையில் வேறு யார் இருக்க முடியும்? பிறகுதான் விஷயம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வண்டியைப் பட்டாளத்துக்கு எடுத்துவிட்டார்கள். பெண் வீட்டாரும் சனிக்கிழமை வண்டியிலேயே ஏறியிருக்கிறார்கள். எங்களுக்கு இரண்டு பெட்டி தள்ளி, மூன்றாம் வகுப்பில்.

நான் படுக்கையின் சுவர்ப்பக்கம் ஒதுங்கினேன். பொன் உருகிவிட்டது, தாலி ஏறவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டே பெட்டி. அவள் தண்ணீர் எடுக்க வருவாள், முகம் கழுவ வருவாள், எங்கள் யன்னலைக் கடந்துதான் போக வேண்டும். ஒரே பார்வையில் முகூர்த்தம் கெட்டுவிடும். உண்மையைச் சொன்னால், அந்தப் பயத்துக்கு நடுவிலும் என் கழுத்து யன்னல் பக்கமே திரும்பித் திரும்பிப் போனது. செல்லத்துரை அதைப் பிடித்து நேராக்கினான்.

"நீ பாத்தா நான் தோழனில்லை. படடா!"

யன்னலைச் சாத்தினோம். கொஞ்ச நேரத்தில் அறை ரொட்டி வேகும் போறணை மாதிரிச் சுட்டது. கோட்டுப் பெரியவர் மூச்சு முட்டுகிறது என்று திறந்துவிட்டார். அதனால் ஹனிபா ஒரு வழி கண்டுபிடித்தான். என்னைப் படுக்க வைத்து, தலையிலிருந்து பெருவிரல் வரை வெள்ளைப் போர்வையால் மூடினான். செல்லத்துரையும் பொன்னுருக்கலுக்கு வந்த முகம், மாமா பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் அவனையும் கீழ்ப் படுக்கையில் மூடிவிட்டான். ஹனிபாவை அவர்களுக்குத் தெரியாது. அவன் வாசலில் காவல் இருந்தான்.

அந்த நேரம் பார்த்து யன்னலில் ஒரு சின்னத் தலை முளைத்தது. முன்பல் விழுந்த ஒரு சிறுமி. படத்தில் மாமியின் மடியில் இருந்தவள்.

"இவைக்கு என்ன?" என்று கேட்டாள்.

ஹனிபா வாயில் வந்ததைச் சொன்னான்: "காய்ச்சல் மகள். ஓடுங்க, ஓடுங்க."

அவள் ஓடினாள். ஓடினவள் சும்மா ஓடவில்லை. முதல் பெட்டியில் அது காய்ச்சலாக இருந்தது. இரண்டாம் பெட்டிக்குப் போகும்போது சின்னமுத்து. மூன்றாம் பெட்டியில் கொப்புளிப்பான். வண்டியின் வாலுக்குப் போய்த் திரும்பி வரும்போது பெரிய அம்மையே ஆகிவிட்டது. கோட்டுப் பெரியவர் அதைக் கேட்டதும் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். (ஒரு செருப்பை விட்டுவிட்டார். அதை எடுக்க வரவே இல்லை.)

எங்கள் சனத்தின் குணம் தெரிந்ததுதானே. அம்மை என்றால் பயம், ஆனால் அம்மாள் என்றால் பக்தி. கிட்ட வரவும் மாட்டார்கள், சும்மா விடவும் மாட்டார்கள். ஸ்டேசன் வேப்பமரத்தில் நல்ல குழையாகப் பார்த்து முறித்து எங்கள் யன்னலில் செருகினார்கள். ஒரு பெண் தூரத்தில் நின்று மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அது ஹனிபாவின் முகத்தில் விழுந்தது. இன்னொருத்தி, "தாயே, குளிர்ந்து போ அம்மா" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். என்னை ஒருவர் கும்பிட்டது வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

கும்பிடு முடிய வண்டிக் கார்ட் வந்தார்.

"மொகத மே?" என்று, வேப்பிலையைக் காட்டி இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார். ஹனிபா சிங்களம் வெளுத்துக் கட்டுவான். மாத்தயா, நோய் வருத்தமில்லை, இவர் மாப்பிள்ளை, நாளைக்குக் கலியாணம், பெண் இதே வண்டியில் இருக்கிறாள், பார்க்கக் கூடாது, அதுதான் மூடியிருக்கிறது என்று எல்லாவற்றையும் காதுக்குள் விளங்கப்படுத்தினான். கார்ட் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. மாப்பிள்ளைக்கு ஒரு போர்வை. அப்ப மற்றவனுக்கு என்னத்துக்கு? அவனுக்கும் கலியாணமா?"

ஹனிபாவிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் கார்ட்டுக்கு அதைக் கேட்கும் பொறுமை முடிந்திருந்தது. இப்படி ஒரு பொய்யைத் தன் சேவையிலேயே கேட்டதில்லை என்றார். அடுத்த பெரிய ஸ்டேசனிலிருந்து வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி தண்டவாள டிரொலியில் வருவார், அவர் பார்த்து நல்லதென்று சொன்னால் ஏறலாம், இல்லாவிட்டால் வண்டி எங்களை விட்டுவிட்டுப் போகும் என்று தீர்ப்புச் சொன்னார்.

இறக்கினார்கள். நானாக எழுந்து நடந்தால் முகம் தெரியும். ஆகவே ஹனிபா என்னைப் போர்வையோடு தோளில் போட்டுக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் பாயில் கிடத்தினான். பிறகு செல்லத்துரையையும். சனம் முழுவதும் மேடையின் மறு அந்தத்தில் நின்று பார்த்தது. "பாவம், இளம் பெடியளாம்" என்று யாரோ சொன்னது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் செல்லத்துரை குறட்டை விட்டான். எந்த நிலைமையிலும் தூங்கக்கூடிய பாக்கியசாலி. ஹனிபா அப்போதிக்கரியின் டிரொலி வருகிறதா என்று பார்க்கப் பாதையோடு நடந்தான். நான் தனியே கிடந்தேன்.

வைகாசி வெயில். போர்வைக்குள் என் மூச்சே என்னைச் சுட்டது. தாகத்தில் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. எங்களைக் கிணற்றுப் பக்கம் விடவில்லை, தொட்டால் கிணறு கெட்டுவிடுமாம். ஒருவரும் தண்ணீர் கொண்டுவரவுமில்லை. நாளைக்குக் காலையில் மணவறை வெறுமையாக இருக்கும், அவள் கூறைச்சேலைக்குக் காத்திருப்பாள், நான் இங்கே காட்டுக்குள் கிடப்பேன் என்று நினைக்கக் கண்ணால் தண்ணீர் வந்தது. அதையாவது குடிக்கலாமா என்று யோசித்தேன்.

அப்போது மேடையின் மறு பக்கத்தில் சத்தம் கேட்டது.

"பிள்ளை! எங்கை போறாய்? கலியாணப் பொம்பிளை அங்கை போகக் கூடாது!"

"மாமி, எனக்குச் சின்னனிலை வந்து போனது. திரும்ப வராது. அந்த மனிசருக்கு ஆரும் ஒரு மிடறு தண்ணி குடுக்க வேணுமெல்லோ."

போர்வைக்குள் என் உயிர் எழுந்து உட்கார்ந்தது. உடம்பு மட்டும் கட்டை மாதிரிக் கிடந்தது.

காலடி வந்தது. போர்வை ஓரத்தின் கீழால், தரையோடு, ஒரு விரற்கடை வெளிச்சம். அதில் இரண்டு பாதம் தெரிந்தது. செருப்பில்லை. புழுதி. வலது பெருவிரலில் சின்னதாக ஒரு காயம். பொன்னுருக்கலுக்குப் பிறகு பெண்ணின் பாதத்தைப் பார்க்கலாமா என்று எந்தப் பெரியவரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. ஆகவே பார்த்தேன்.

"தண்ணி வைச்சிருக்கு. எடுத்துக் குடியுங்கோ" என்று ஒரு செம்பை வைத்துவிட்டுப் பாதம் விலகியது.

நான் கையை நீட்டிச் செம்பை உள்ளே இழுத்து, படுத்தபடியே குடித்தேன். பாதி மூக்கில் போனது. அவ்வளவு ருசியான தண்ணீரை நான் அதற்குப் பிறகும் குடிக்கவில்லை. வெறும் செம்பைக் கை திரும்ப வெளியே வைத்தது.

இன்னொரு முறை காலடி வந்தது. இந்த முறை அவள் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, வேரில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சத்தம் தாழ்ந்திருந்தது.

"பயப்பிடாதையுங்கோ. உயிருக்கு ஒண்டும் வராது. நானும் எட்டு வயசிலை இப்பிடித்தான் வேப்பிலையிலை கிடந்தனான். கொஞ்சம் முகத்திலை தங்கும். அம்மாளின்ரை முத்து எண்டு அம்மா சொல்லுவா. கண்ணாடியிலை பாக்கேக்கை முத்து மாதிரித் தெரியிறேல்லை."

ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு சிரிப்பில்லை.

"நாளைக்கு எனக்குக் கலியாணம். அவர் என்ரை முகத்தைக் காணேல்லை. படம் எடுக்கேக்கை நான் வேணுமெண்டுதான் தலையை ஆட்டினனான். பிறகு சொல்லுவம் எண்டு மாமா சொன்னார். ஒருதரும் சொல்லேல்லை. நாளைக்குப் பாத்துப்போட்டு என்ன சொல்லுவாரோ தெரியாது."

செல்லத்துரையின் குறட்டை மட்டும் கேட்டது. வேப்பம்பூ ஒன்று போர்வையில் விழுந்தது.

நான் படத்தில் தேடிய புகையை நினைத்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்த அந்த இரவுகளிலெல்லாம், அவளும் வெள்ளவத்தையில் விழித்திருந்திருக்கிறாள். எழுந்து போர்வையை எறிந்துவிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லத் தெரிந்தவன் எத்தனையோ சொல்லியிருப்பான். எனக்கு மூன்று சொல் சேர்ப்பதே பெரும்பாடு. குரலை மாற்றி, கிழவன் மாதிரிக் கரகரத்துக்கொண்டு, எப்படியோ சொன்னேன்:

"அவர் ஒண்டும் சொல்லமாட்டார்."

அவள் செம்பை எடுத்தாள். பிறகு, "தண்ணி இன்னும் வேணுமோ?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் செம்பை நிரப்பி வைத்தாள். நான் மறுபடி கையை நீட்டி எடுத்த பிறகுதான் பாதம் விலகிப் போனது.

அந்த நிலையிலேயே கதை முடிந்திருந்தால் நான் ஒரு காவிய நாயகன். முடியவில்லை. அப்போதிக்கரி வந்துவிட்டார்.

குடையும் தொப்பியுமாக டிரொலியில் வந்தவர், சாப்பாட்டிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்த கோபத்தில் இருந்தார். அவரோடு கார்ட், பின்னால் சனம். "போர்வையை எடு" என்றார். நான் உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்தேன். அவர் இழுத்தார். நான் இழுத்தேன். ஹனிபா, "மாத்தயா, மாத்தயா" என்று நடுவில் வந்தான். அவள் எங்கேயோ கிட்டத்தான் நிற்கிறாள், ஒரு இழுப்பில் எல்லாம் போய்விடும்! வேறு வழி தெரியவில்லை. எழுந்தேன். போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு ஓடினேன்.

ஸ்டேசன் அறைக்குள் ஓடத்தான் நினைத்தேன். போர்வைக்குள் திசை தெரியவில்லை. "அம்மை தலைக்கேறிட்டுது! விலகுங்கோ!" என்று சனம் கத்திக்கொண்டு சிதறியது. முதலில் ஒரு மண்வாளியில் மோதினேன். அடுத்ததாக மெத்தென்று ஏதோ ஒன்றில் மோதி, விழாமல் இருக்க அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன். அது கோட்டுப் போட்டிருந்தது.

"ஐயோ, என்னைப் பிடிச்சிட்டுது!" என்று கிளாக்கர் மாமா அலறினார்.

ஹனிபா வந்து என்னைப் பிரித்தெடுத்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். அப்போதிக்கரி உள்ளே வந்ததும் நானே போர்வையைக் கழற்றினேன். சட்டையையும் கழற்றினேன். உடம்பில் ஒரு கொசுக்கடி கூட இல்லை. ஹனிபா மூச்சு விடாமல் கதை முழுவதையும் திரும்பச் சொன்னான். அப்போதிக்கரி சிரிக்கத் தொடங்கினார். ஸ்டேசன் மாஸ்டரின் கதிரையில் உட்கார்ந்து சிரித்தார், தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கடைசியில் கார்ட்டைக் கூப்பிட்டு, "இந்த மனிதனுக்கு வருத்தமில்லை, பயித்தியம்தான், அது ஒட்டாது" என்று சிங்களத்தில் சொன்னார்.

பட்டாளத்து வண்டி இரண்டும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. எங்களைக் காட்டுப் பக்கத்தால் ஏற்றினார்கள். பொழுது சாயும் நேரம் வண்டி அசைந்தபோது, கிளாக்கர் மாமா கிணற்றடியில் கோட்டோடு மூன்றாவது தரமாக மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் குளித்து முடித்திருந்தார்.

திங்கட்கிழமை முகூர்த்தம் தவறவில்லை. மேளத்துக்கு மேலால் கிளாக்கர் மாமாவின் தும்மல் கேட்டுக்கொண்டே இருந்தது. (பிறகு செல்லத்துரை குடித்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மாமா என்னை மேலும் கீழும் இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு, "தம்பி, அண்டைக்கு என்னைக் கட்டிப்பிடிச்சது நீரோ?" என்று கேட்டார். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.)

அவள் கூறை உடுத்துத் தலை குனிந்து வந்தாள். நான் தாலியைக் கட்டி முடித்தேன். பிறகு அவள் மெல்ல முகத்தை நிமிர்த்தினாள். புகை விலகியது. கன்னத்தில் அந்த முத்துகள் இருந்தன. கண்கள் என்னையே பார்த்தன, ஒரு தீர்ப்புக்குக் காத்திருப்பவள் மாதிரி. நான் வழக்கம்போல வாயடைத்து நின்றேன். வியர்வை மூக்கால் ஒழுகியது.

அவள் உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கக் கேட்டாள்:

"தண்ணி வேணுமோ?"

எப்படித் தெரிந்தது என்று அன்று இரவு கேட்டேன். "மோதிரத்தைக் கண்டனான். அந்தச் சிவப்பு நூலோடை" என்றாள்.

அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி அதோடு முடியவில்லை. நான் கையை இரண்டு தடவை நீட்டினேன். முதல் செம்புக்கு ஒரு தடவை, அவள் சொல்லி முடித்த பிறகு இரண்டாம் செம்புக்கு ஒரு தடவை. இரண்டாம் தடவைதான் மோதிரத்தைக் கண்டாள் என்றால், அவள் யாரோ ஒரு நோயாளியிடம் மனத்தாங்கலைச் சொல்லியிருக்கிறாள். முதல் தடவையே கண்டுவிட்டாள் என்றால், தெரிந்துகொண்டே வேரில் வந்து உட்கார்ந்து, எனக்கே சொல்லியிருக்கிறாள்.

எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கலியாணம் முடித்துப் பத்தாம் நாள் கடைக்குத் திரும்பினேன். கடைக்காரன் பிழைப்பு அது. பெண்சாதி ஊரில், புருசன் கொழும்பில். அம்மான் காலமான பின் கடை என் பொறுப்பு. வருடத்தில் இரண்டு தடவை, கோயில் திருவிழாவுக்கும் வருடப்பிறப்புக்கும், ஊருக்குப் போகிறேன். பிள்ளைகள் நாலு பேரையும் நான் கண்டது அப்படித் துண்டு துண்டாகத்தான். ஒவ்வொரு தடவையும் போகும்போது ஒவ்வொருவரும் ஒரு சாண் வளர்ந்து நிற்பார்கள். மாலையில் மாதா கோயில் மணி அடிக்கும்போதும், துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதும், ஊரில் இப்போது அவள் விளக்கு வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். ஹனிபா எதிர்க்கடையிலிருந்து, "என்ன மச்சான், போர்வை வேணுமா?" என்பான்.

எங்கள் வீட்டில் நான் போர்வைக்குள் சொன்ன சொல் நிலைத்துவிட்டது. கறியில் உப்புக் கூடினால் மூத்தவள், "அப்பாவுக்குப் போடுங்கோ, அவர் ஒண்டும் சொல்லமாட்டார்" என்பாள். சின்னவன் கணக்கில் கோட்டை விட்டால், முதலில் என்னிடம்தான் கொண்டுவருவான். மூத்தவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் கிளாக்கர் மாமா என்னைக் காட்டி அதையே சொன்னார். (பாவம் மனிதர், இன்றைக்கும் வேப்பமரத்தைக் கண்டால் கோட்டை இறுக்கிக்கொள்வார்.)

போன வருடப்பிறப்பு முடிந்து புறப்படும்போது, வாசல் படலையடியில் அவள் வழக்கம்போலச் செம்போடு நின்றாள். ஸ்டேசனுக்கு அவள் வருவதில்லை. பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். நான் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, இத்தனை வருடத்துக்குப் பிறகும், கேட்டேன்:

"முதல் செம்போ, ரெண்டாம் செம்போ?"

அவள் முகம் நிமிர்ந்தது. கன்னத்தில் முத்தெல்லாம் சிரித்தது.

"குடியுங்கோ. வண்டி போகப்போகுது" என்று செம்பை நீட்டினாள்.

இரவு வண்டியில் மூன்றாம் வகுப்பில்தான் வந்தேன், உட்கார்ந்துகொண்டு. அந்தச் சின்ன ஸ்டேசனில் இப்போது வண்டி நிற்பதில்லை. ஒரு அரிக்கன் விளக்கு ஓடிப்போகும், இருட்டில் மரம் ஒன்று கறுப்பாக எழும்பி மறையும். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் தூங்குவார்கள். அந்த இடம் வரும்போது மட்டும் எனக்குத் தாகம் எடுக்கும். அவள் நிரப்பித் தந்த கூஜா காலடியிலேயே இருக்கும். அந்தத் தாகம் கொஞ்சம் இருக்கட்டும் என்று எடுத்துக் குடிக்க மாட்டேன்.